ஆமணக்கா, சுரையா? வேதத்தைத் திருத்தும் கேள்வி

1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களை உட்காரவைத்து, ஜெபங்களையும் விசுவாசப் பிரமாணத்தையும் தமிழில் எழுதவைத்து, அவற்றை மனப்பாடம் செய்துகொண்டார். பிறகு கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். சில காலம் கழித்துத்தான் பிழை தெரிந்தது. ‘நம்புகிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் உட்கார்ந்திருந்தது. கடவுளை நம்புகிறேன் என்று சொல்ல வேண்டிய பரதவர் பிள்ளைகள், கடவுள் எனக்கு வேணும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். தம்மோடு பணிசெய்த மான்சிலாசுக்குச் சவேரியார் கடிதம் எழுதினார்: ‘வேணும்’ என்பதை எடுத்துவிட்டு விசுவாசம் என்ற சொல்லைப் போடுங்கள்.

கடவுள் எனக்கு வேணும் என்பது மொழிபெயர்ப்பாகப் பிழை. ஜெபமாக அதில் எந்தப் பிழையும் இல்லை. கேட்கிறவருக்கு நெஞ்சைத் தொடுகிற வாக்கியம்கூட. ஆனாலும் சவேரியார் அதை விட்டுவைக்கவில்லை. அழகாக இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது என்பதெல்லாம் அவருக்குக் காரணமாகத் தோன்றவில்லை. மூலம் என்ன சொல்லுகிறதோ அதைத் தமிழும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

நானூற்று எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் இந்தக் கேள்வி ஓயவில்லை. வேதத்தைத் திருத்தலாமா? இங்கே கிறிஸ்தவர்களுக்கே ‘வேதக்காரர்’ என்றுதான் பெயர். தேவாலயம் ‘வேதக்கோயில்’. மதம் மாறினார்கள் என்று சொல்ல மாட்டார்கள், ‘வேதத்துக்கு வந்தார்கள்’ என்பார்கள். ஒரு புத்தகத்தின் பெயரையே தங்கள் பெயராகச் சுமக்கிறவர்களிடம் போய், அந்தப் புத்தகத்தில் ஒரு சொல்லை மாற்றுகிறோம் என்றால் அவர்கள் பதறுவதில் வியப்பு என்ன இருக்கிறது? வீட்டு வாசல் நிலைக்கு மேல் ‘இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்’ என்று எழுதியிருக்கும். பெட்டியின் அடியில் இருக்கும் பெரிய வேதாகமத்தின் முன்பக்கத்தில் மூன்று தலைமுறையின் பிறப்பும் ஞானஸ்நானமும் கல்யாணமும் மையில் எழுதப்பட்டிருக்கும். என் பாட்டிக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனால் இருபத்து மூன்றாம் சங்கீதத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்.’ அதே வசனம் 1995-ல் வந்த புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் ‘ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை’ என்று இருக்கிறது. நல்ல தமிழ், தெளிவான தமிழ். பாட்டிக்கு அது வேறு யாருடைய சங்கீதமோ என்று இருந்தது.

இந்தப் பற்றை அறியாமை என்று தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மனதில் தங்கிய வசனம்தான் சாவு வீட்டிலும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் உதவுகிறது. அடிக்கடி மாறுகிற வசனம் மனதில் தங்காது.

ஆனால் அந்தப் பற்று தன் பக்கம் சாட்சிக்கு அழைக்கும் வசனங்களைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். உபாகமத்தில், ‘ஒன்றும் கூட்டவும் வேண்டாம், அதில் ஒன்றும் குறைக்கவும் வேண்டாம்’ என்று மோசே எச்சரிக்கிறார். வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரமும் அதையே இன்னும் கடுமையாகச் சொல்லுகிறது. சரி. கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. முன்னொரு காலத்தில் யாரோ ஒருவர் ஏற்கனவே கூட்டிவிட்டார் என்று தெரியவந்தால் என்ன செய்வது? கூட்டியதை எடுப்பது ‘குறைப்பது’ ஆகுமா, அல்லது கட்டளைக்குக் கீழ்ப்படிவது ஆகுமா?

இங்கேதான் ‘திருத்தம்’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேலைகள் ஒளிந்துகொண்டிருக்கின்றன. கைப்பிரதிகளை ஒப்பிட்டு, மூலத்தில் எழுதியிருந்தது எது என்று தேடுவது ஒன்று. அந்த மூலத்தை இன்றைய தமிழில் சரியாகச் சொல்லுவது இன்னொன்று. மூலமே நமக்குப் பிடிக்கவில்லை என்று அதை மாற்றுவது மூன்றாவது. முதல் இரண்டும் மூன்றாவதற்கு நேர் எதிரான வேலைகள். மூன்றையும் ஒரே பெயரால் அழைப்பதால்தான் சபைகளில் இவ்வளவு சண்டை.

எரேமியாவின் புத்தகத்தில், முப்பத்தாறாம் அதிகாரத்தில், இதற்கு ஒரு காட்சி இருக்கிறது. தீர்க்கதரிசி சொல்லச் சொல்லப் பாருக்கு ஒரு சுருளில் எழுதுகிறான். அது ராஜாவுக்கு முன்பாக வாசிக்கப்படுகிறது. குளிர்காலம், எதிரே நெருப்பு எரிகிறது. மூன்று நாலு பத்திகள் வாசித்தவுடன் யோயாக்கீம் ராஜா சூரிக்கத்தியால் அதை அறுத்து நெருப்பில் போடுகிறான். முழுச் சுருளும் எரிந்து முடிகிறது. பிறகு எரேமியா இன்னொரு சுருளை எடுத்துக் கொடுக்க, பாருக்கு அதே வார்த்தைகளை மறுபடி எழுதுகிறான். அதோடு, அவற்றுக்கு ஒத்த வேறு அநேக வார்த்தைகளும் சேர்க்கப்பட்டன என்று வேதமே சொல்லுகிறது. ஆக, இன்று நம் கையில் இருக்கும் எரேமியா ஒரு ‘திருத்திய பதிப்பு’தான். அந்த அதிகாரத்தில் இரண்டு பேர் சுருளில் கைவைக்கிறார்கள். தனக்கு உறைத்ததை அகற்ற ஒருவன் கத்தியை எடுக்கிறான். இழந்ததை மீட்க இன்னொருவன் மையைத் தொட்டு எழுதுகிறான். திருத்தம் எது வந்தாலும் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இது யோயாக்கீமின் கத்தியா, பாருக்கின் மையா?

திருத்தத்துக்கு வரும் எதிர்ப்பும் பழையதுதான். கி.பி. 403-ஐ ஒட்டி அகுஸ்தீன் என்ற ஆப்பிரிக்க ஆயர், மூல எபிரெயத்திலிருந்து லத்தீனுக்கு வேதத்தைப் பெயர்த்துக்கொண்டிருந்த ஜெரோமுக்கு ஒரு கடிதத்தில் இந்தக் கதையை எழுதினார். இன்றைய லிபியாவின் திரிப்போலி அப்போது ஓயா என்ற ஊர். அங்கே ஆயர் ஒருவர் ஜெரோமின் புது மொழிபெயர்ப்பைக் கோயிலில் வாசிக்கவைத்தார். யோனா தீர்க்கதரிசியின் தலைக்கு நிழல் தர முளைத்த செடியைப் பழைய லத்தீன் ‘சுரை’ என்று சொல்லியிருந்தது. ஜெரோம் அதை வேறொரு படர்கொடியின் பெயராக மாற்றியிருந்தார். ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். காலங்காலமாகக் காதில் கேட்ட வார்த்தை, தலைமுறை தலைமுறையாகப் பாடிய வார்த்தை! ஆயர் ஊரிலிருந்த யூதர்களிடம் போய் விசாரிக்க வேண்டியதாயிற்று. கடைசியில், சபையே இல்லாத ஆயராகிவிடுவோமோ என்று பயந்து பழைய சொல்லுக்கே திரும்பினார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் செடி. எபிரெயத்தில் இருக்கும் பெயர் ‘கிகாயோன்’. அகன்ற இலை, பந்தல் வேண்டாமல் தன் தண்டிலேயே நிற்கும், விதைத்த சில நாளில் நிழல் தரும் என்று ஜெரோமே அதை வர்ணித்தார். லத்தீனில் அதற்குப் பெயர் இல்லை என்றும் சொன்னார். எங்கள் புன்செய்க் காட்டில் நிற்கும் எந்த விவசாயியிடம் இந்த அடையாளங்களைச் சொன்னாலும் அவர் பெயரைச் சொல்லிவிடுவார். நம் தமிழ் வேதாகமத்தில் யோனாவுக்கு நிழல் தந்தது ஆமணக்குச் செடி. ஓயாவில் கலகம் மூட்டிய செடி, விளக்கெண்ணெய் ஆட்டிய ஊர்களில் ஒரு சத்தமும் இல்லாமல் சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது.

சத்தம் வேறு இடத்தில் எழுந்தது. தமிழில் புதிய ஏற்பாட்டை முதலில் பெயர்த்தவர் தரங்கம்பாடி மிஷனெரி சீகன்பால்கு. 1714, 1715-ல் அது அச்சாகி வந்தது. பிறகு பப்ரிசியுஸ் என்ற மிஷனெரி சென்னையில் உட்கார்ந்து பல ஆண்டுகள் உழைத்து, வரிக்கு வரி ஜெபம்போல் ஓதக்கூடிய ஒரு மொழிபெயர்ப்பைத் தந்தார். அவருடைய புதிய ஏற்பாடு 1772-ல் வேப்பேரியில் அச்சாயிற்று. லுத்தரன் சபைகள் அதைப் பொன்போல் போற்றின. 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியுஸ் அதைத் திருத்தினார். திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் தமிழ் படித்தவர் அவர். தமிழ் வாக்கியம் தமிழனின் காதுக்குத் தடையில்லாமல் ஓட வேண்டும் என்பது அவர் கட்சி. வேதத்தை எப்படி மொழிபெயர்ப்பது என்பது பற்றி 1827-ல் தனி நூலே எழுதினார். அவரை எதிர்த்து எழுந்தவர்களில் மிக உரத்த குரல் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாருடையது. அவரும் பாளையங்கோட்டையில் 1774-ல் பிறந்தவர்தான். பப்ரிசியுஸின் வேதத்தில் வளர்ந்த கவிஞர். அதன் ஓசையில் ஊறித் தம் பாட்டுகளைக் கட்டியவர். இந்தத் திருத்தம் தேவையற்ற தொல்லை என்று அவர் எழுதியே போராடினார். தமிழ் அறிந்த வெளிநாட்டுக்காரர் மாற்றலாம் என்கிறார், தமிழ்க் கவிஞர் தொடாதே என்கிறார். இந்தச் சண்டையை வெள்ளைக்காரர்களுக்கும் தமிழர்களுக்கும் நடந்த சண்டை என்று எளிதாக எழுதிவிட முடியாது.

பிறகு யாழ்ப்பாணத்தில் மிஷனெரி பெர்சிவலும் ஆறுமுக நாவலரும் சேர்ந்து செய்த மொழிபெயர்ப்பு 1850-ல் வந்தது. அதற்கும் பின், பல மிஷன்கள் கூடி ஹென்றி பவர் தலைமையில் குழு அமைத்தன. இடையன்குடியிலிருந்து கால்டுவெல் அதில் இருந்தார். தமிழறிஞர் முத்தையா பிள்ளை பவருக்குத் துணைநின்றார். 1871-ல் முழு வேதாகமம் வந்தது. இன்று எங்கள் ஊர்களில் ‘வேதம்’ என்றால் இதுதான். திருத்தக்கூடாத பழைய வேதம் என்று நாம் கையில் பிடித்திருப்பது, முந்தைய மொழிபெயர்ப்புகளைத் திருத்தித் திருத்தி வந்த பதிப்பு. சீகன்பால்கு ‘சருவேசுரன்’ என்றார்; பப்ரிசியுஸ் ‘பராபரன்’ என்றார்; பவர் குழு ‘தேவன்’ என்றது. ‘பராபரன்’ போய்விட்டதே என்று 1871-ல் அழுதவர்களின் கொள்ளுப்பேரர்கள்தான், ‘தேவன்’ போய்க் ‘கடவுள்’ வருகிறதே என்று இன்று கலங்குகிறார்கள். லார்சன் தலைமையில் 1928-லும் 1936-லும் வந்த திருத்தம் ‘கடவுள்’ என்று போட்டது. ஜனங்கள் அதை ஏற்கவில்லை. 1995-ல் கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டினரும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியமும் ‘கடவுள்’ என்றே சொல்லுகிறது. உவரியிலும் மணப்பாட்டிலும் கத்தோலிக்கக் கோயில்களில் அது ஒலிக்க, சில மைல் உள்ளே வந்தால் மெஞ்ஞானபுரத்திலும் நாசரேத்திலும் பழைய ஓசையே கேட்கிறது.

1871-க்குப் பிறகு ஒரு முக்கியமான மாற்றம் நடந்திருக்கிறது. அது தமிழ் நடையைப் பற்றியதே இல்லை.

பவர் குழுவின் கையில் இருந்த கிரேக்கப் பாடம், பதினாறாம் நூற்றாண்டில் எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய அறிஞர் தமக்குக் கிடைத்த சில பிற்காலப் பிரதிகளைக் கொண்டு அச்சிட்டதன் வழிவந்தது. இன்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிரேக்கக் கைப்பிரதிகள் கணக்கில் இருக்கின்றன. அவற்றில் மிகப் பழைய முழுப் பிரதிகளில் ஒன்றான சீனாய்ச் சுவடி, நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1859-ல்தான் ஒரு மலைமடத்திலிருந்து அறிஞர் உலகுக்கு வெளிச்சமாயிற்று. 1947 முதல் சாக்கடல் குகைகளிலிருந்து கிடைத்த எபிரெயச் சுருள்கள், அதுவரை இருந்த பிரதிகளைவிட ஆயிரம் ஆண்டு மூத்தவை. இடையன்குடிப் பனங்காட்டில் விளக்கை வைத்துக்கொண்டு உழைத்த கால்டுவெல்லுக்கு இவை கிடைத்திருந்தால் விட்டிருப்பாரா?

தமிழருக்கு இது புதிய சங்கதியும் அல்ல. உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டு ஏடுகளைத் தேடித் திருநெல்வேலிக்கு வந்து கவிராயர் வீட்டுச் சுவடிகளைப் பார்த்தார். ஒரு ஏட்டில் ஒரு சொல், இன்னொரு ஏட்டில் வேறு சொல். இடையில் செல்லரித்த வரி. ஏடெழுதியவர் கண்ணயர்ந்த இடம், உரைகாரரின் குறிப்பு மூலத்தோடு கலந்த இடம் என்று ஒவ்வொன்றாய்ச் சோதித்துப் பாடபேதங்களை அடியில் குறித்தார். அதனால் அவர் சங்க இலக்கியத்தை மாற்றிவிட்டார் என்று யாரும் சொல்வதில்லை. மீட்டுத் தந்தார் என்றே கைகூப்புகிறோம். வேதத்துக்கு அதே வேலையைச் செய்கிறவரை மட்டும் ஏன் சந்தேகத்தோடு பார்க்கிறோம்?

யோவானின் முதல் நிருபம் ஐந்தாம் அதிகாரம் ஏழாம் வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்.’ ஒரே கடவுள் பிதா, குமாரன், ஆவி என்று மூவராய் இருக்கிறார் என்னும் திரித்துவத்துக்கு இதைவிட நேரான வசனம் வேதத்தில் வேறு இல்லை. ஞாயிறு பள்ளியில் நாங்கள் ஒப்புவித்த வசனம். எராஸ்மஸ் 1516-லும் 1519-லும் வெளியிட்ட கிரேக்கப் பதிப்புகளில் இது இல்லை, ஏனென்றால் அவர் பார்த்த கிரேக்கப் பிரதி எதிலும் இல்லை. எதிர்ப்பு கிளம்பியது. பிறகு இந்த வரியுள்ள ஒரு கிரேக்கப் பிரதி அவர் முன் வைக்கப்பட்டது. அது அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட புதுப்பிரதி. 1522-ல் அவர் சேர்த்துவிட்டார். அந்தப் பாட வழியாகத்தான் அது நம் தமிழுக்கும் வந்தது. லத்தீன் பிரதியொன்றின் ஓரத்தில் யாரோ பக்தியோடு எழுதிய விளக்கம் நடுவே ஏறிவிட்டது என்பதே அறிஞர் பெரும்பாலோரின் முடிவு. திருவிவிலியத்தின் பாடத்தில் அது இல்லை. திரித்துவத்தை மறுக்கிறார்கள் என்று இதற்காகக் கோபப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் திரித்துவத்தை நம்புகிறவன். என் நம்பிக்கைக்குக் கள்ளச்சாட்சி வேண்டாம் என்பதுதான் என் கட்சி. அந்த வரியின் துணை இல்லாமலே, நான்காம் நூற்றாண்டில், அந்த விசுவாசத்தை நிசேயாவிலும் கான்ஸ்டான்டிநோப்பிளிலும் கூடிய திருச்சபைச் சங்கங்களில் அறிக்கையிட்டு முடித்துவிட்டார்கள்.

மாற்கு சுவிசேஷத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் இதைவிட உயிரோடு விளையாடுகிற விஷயம். மிகப் பழைய இரண்டு பெரிய பிரதிகளிலும் சுவிசேஷம் பதினாறாம் அதிகாரம் எட்டாம் வசனத்தோடு, பயந்து ஓடும் பெண்களோடு, நின்றுவிடுகிறது. ‘சர்ப்பங்களை எடுப்பார்கள்’ என்பது அதற்குப் பிறகு வரும் பகுதியில் இருக்கிறது. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் சில சபைகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு ஆராதனையில் விஷப்பாம்புகளைக் கையில் பிடித்தன. கடிபட்டுச் செத்தவர்கள் உண்டு. ஒரு அடிக்குறிப்பு எல்லோரையும் காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அடிக்குறிப்பை ஜனங்களிடமிருந்து மறைக்க ஒருவருக்கும் உரிமை இல்லை.

இனி மொழிபெயர்ப்பு. இதில் தமிழ் நம்மிடம் கேட்கிற சில கேள்விகளை எபிரெயமும் கிரேக்கமும் கேட்பதே இல்லை. கிரேக்கத்தில் அவன், அவர் என்ற பேதம் கிடையாது. தமிழில் வாய் திறந்தால் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். பவர் குழு இயேசுவுக்கு ‘அவர்’ என்றும், பேதுருவுக்கும் பவுலுக்கும் ‘அவன்’ என்றும் வகுத்தது. மரியாளும் சமாரியப் பெண்ணும் ‘அவள்’. திருவிவிலியம் பெரும்பாலும் எல்லோரையும் ‘அவர்’ ஆக்கியது. கானா ஊர்க் கல்யாணத்தில் தாயைப் பார்த்து இயேசு பழைய வேதத்தில் ‘ஸ்திரீயே, எனக்கும் உனக்கும் என்ன’ என்கிறார். புதியதில் ‘அம்மா’ என்கிறார். மூலத்தில் இருப்பது பெண்ணே என்ற விளி. அந்த மொழியில் அதில் அவமரியாதை இல்லை. நம் காதில் ‘ஸ்திரீயே’ என்றால் அடித்தாற்போல் இருக்கிறது. அதே சமயம் ‘அம்மா’ என்பதில் மூலத்தின் சிறு விலகல் கரைந்துபோகிறது. இரண்டும் முழுதாய்ச் சரியில்லை. முழுதாய்ச் சரியான சொல் தமிழில் இல்லாதபோது, காலத்துக்குக் காலம் வேறு சொல்லைச் சோதித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

மாற்கு நாலாம் அதிகாரத்துப் புயல் எனக்கு எப்போதும் நினைவில் நிற்கிறது. படகில் தண்ணீர் ஏறுகிறது. இயேசு பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். சீஷர்கள் எழுப்பி, ‘போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா’ என்கிறார்கள். நாங்கள்! படகு கவிழ்ந்தால் தூங்குகிறவரும்தானே தண்ணீரில்? ‘நாம்’ என்று இருக்க வேண்டாமா? கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம்தான். ‘நாங்கள்’ என்று போட்ட தமிழர்கள் மூலத்தில் இல்லாத ஒரு வேத விளக்கத்தையே உள்ளே வைத்துவிட்டார்கள்: இவர் சாகமாட்டார், சாகிறவர்கள் நாங்கள்தான் என்று அந்தச் சீஷர்கள் உள்ளூர அறிந்திருந்ததாக. திருவிவிலியம் ‘சாகப்போகிறோமே’ என்று எழுதி, நாங்களா நாமா என்பதைத் தொடாமல் விட்டது. எது சரி என்று கேட்டால் என்னிடம் விடை இல்லை. இரண்டையும் வாசிக்கிறேன். ஒற்றை மொழிபெயர்ப்போடு நின்றிருந்தால் அப்படியொரு கேள்வி இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

திருத்தம் என்றால் வேதத்தை மிருதுவாக்குவது என்று பலர் பயப்படுகிறார்கள். சில இடங்களில் நடந்தது நேர் தலைகீழ். எபேசியர் ஆறாம் அதிகாரத்தில் பழைய வேதம் ‘வேலைக்காரரே’ உங்கள் எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்கிறது. கலாத்தியர் மூன்றாம் அதிகாரத்தில் ‘அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை’ என்கிறது. கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல்: அடிமை. விடுதலையைச் சொல்லும் இடத்தில் அடிமை, கீழ்ப்படியச் சொல்லும் இடத்தில் வேலைக்காரன். பழைய ஆங்கில வேதமும் இப்படித்தான் செய்திருந்தது. இந்தியாவில் அடிமை முறைக்கு இருந்த சட்டத் துணை 1843-ல்தான் நீங்கியது. தாமிரபரணிக் கரை வயல்களில் பண்ணையடிமைகளாய் உழைத்தவர்களின் பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்து கேட்ட காலம் அது. ‘வேலைக்காரரே’ என்றபோது, பவுல் எந்தக் கொடுமையின் நடுவே நின்று எழுதினார் என்பது அவர்களுக்கு மறைந்துபோனது. கூலி வாங்குகிறவன் எஜமானுக்கு அடங்க வேண்டும் என்ற சாதாரண உபதேசமாக அது சுருங்கிவிட்டது. திருவிவிலியம் ‘அடிமைகளே’ என்று திருத்தியது. இப்போது வசனம் உறைக்கிறது, வெட்கப்படுத்துகிறது, பிரசங்கியாரைப் பதில் சொல்ல வைக்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

மூன்றாவது வேலையை நான் ஏற்காததற்கும் இதுவே காரணம். இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்ற போதகர் பழைய ஏற்பாட்டை முழுதாகத் தள்ளி, லூக்காவின் ஒரு பகுதியையும் பவுலின் பத்து நிருபங்களையும் மட்டும் வைத்துக்கொண்டார். கோபிக்கிற கடவுள் அவருக்குப் பிடிக்கவில்லை. சபை அவரை வெளியேற்றியது. பதினாறாம் நூற்றாண்டில் லுத்தருக்கு யாக்கோபின் நிருபம் பிடிக்கவில்லை. வைக்கோல் நிருபம் என்று 1522-ல் எழுதினார். ஆனாலும் அதை எடுத்துவிடவில்லை, பின்னால் தள்ளி வைத்தார். அந்த இடத்தில் லுத்தரின் அடக்கம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நூற்று முப்பத்தேழாம் சங்கீதத்தின் கடைசி வசனம், பகைவரின் குழந்தைகளைக் கல்லில் மோதுகிறவன் பாக்கியவான் என்கிறது. அதைக் கோயிலில் வாசிக்கும்போது என் வயிறு கலங்குகிறது. அழித்துவிட்டால் வயிறு கலங்காது. பறிகொடுத்த ஒரு ஜனத்தின் வெறி எவ்வளவு தூரம் போகும் என்பதும் என் கண்ணுக்குத் தெரியாது. எனக்குப் பிடிக்காததையெல்லாம் அறுத்துப் போட்ட பிறகு மிஞ்சுகிற புத்தகம் என்னை எதற்காகவும் கடிந்துகொள்ளாது.

எழுத்தைத் தொடாமலே எல்லாவற்றையும் மாற்றிவிடவும் முடியும் என்பதற்கு நாசரேத்துக்குப் பக்கத்துப் பிரகாசபுரம் சாட்சி. மிஷனெரிமாரோடு முறித்துக்கொண்ட சட்டம்பிள்ளையும் அவரைச் சேர்ந்தவர்களும் 1857-ல் இந்து ஏக இரட்சகர் சபையைத் தொடங்கி, சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்து, பழைய ஏற்பாட்டு முறைமைகளைக் கைக்கொண்டார்கள். அதே வேதம்தான், வாசித்த விதம் வேறு.

எல்லைக்கோடு எப்போதும் தெளிவாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் மிஷனெரிப் பெண்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. அந்தப் பிள்ளைகள் இருக்கும் சபையில் ஏசாயா முப்பத்தைந்தாம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது: ‘முடவன் மானைப்போல் குதிப்பான்; ஊமையன் நாவும் கெம்பீரிக்கும்.’ நம்பிக்கையின் உச்சியில் நிற்கும் வசனம். அதில் இருக்கும் சொற்களோ, அந்தப் பிள்ளைகள் தெருவில் வசையாகக் கேட்ட சொற்கள். எபிரெயச் சொல்லில் அந்த வசை இல்லை. இந்த நூற்றைம்பது ஆண்டில் நம் தெருக்கள் அந்தத் தமிழ்ச் சொற்களின் மேல் ஏற்றியது அது. ஆகவே அவற்றை மாற்றுவது மூலத்துக்கு உண்மையாக இருப்பதுதான் என்று உறுதியாக நினைக்கிறேன். கத்தி அல்லவா என்று கேட்கிறவர்கள், அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் முதலில் கேட்கட்டும்.

பாட்டியின் சங்கீதத்தைப் பறிக்காமலே இதையெல்லாம் செய்யலாம். பழைய பதிப்பு பலிபீடத்தண்டையில் இருக்கட்டும். வேத ஆராய்ச்சிக் கூட்டத்தில் இரண்டையும் திறந்து வைக்கலாம். அடுத்த திருத்தக் குழுவில் எபிரெயமும் கிரேக்கமும் படித்த தமிழர்களே முதல் இடத்தில் உட்கார வேண்டும். படகில் போய்வருகிறவரும், பனையேறியவரும், சைகை மொழியில் பேசுகிறவரும், நிறையப் பெண்களும் அதில் இருக்க வேண்டும். 1871-ல் இவர்களில் யாரிடமும் கேட்கவில்லை.

அதுவரை என் சொந்தப் பிரதியில் பென்சிலால் எழுதிக்கொண்டு வருகிறேன். ஒன்று சாமுவேல் பதினேழாம் அதிகாரத்தில் கோலியாத்தின் உயரம் ‘ஆறு முழமும் ஒரு ஜாணும்’ என்று இருக்கிறது. ஏறக்குறைய ஒன்பதே முக்கால் அடி. அந்தப் பக்கத்தின் அடியில் என் கையெழுத்தில் இருப்பது: சாக்கடல் சுருளிலும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் நாலு முழமும் ஒரு சாணும், அதாவது ஆறே முக்கால் அடி. போன மாதம் என் தங்கை மகன் அதை வாசித்துவிட்டு, அப்படியானால் தாவீது சண்டை போட்டது பூதத்தோடு இல்லை, எங்கள் பி.டி. வாத்தியாரைவிடக் கொஞ்சம் உயரமான ஒரு ஆளோடுதானா என்று கேட்டான். ஆமாம், அப்படியும் இருக்கலாம் என்றேன். அவன் புத்தகத்தை மூடாமல் அடுத்த வசனத்துக்குப் போனான்.